மாந்தைக் குடும்பம் குழு

சுதா: ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு ஆரணியின்ரை இசைப்பள்ளி நிகழ்ச்சி. கோரஸிலை பாடுறாள். ஆர் ஆர் வாறியள்?

தேவி மாமி: அண்டைக்கு அம்மம்மான்ரை திவசமெல்லோ

சுதா: அது மத்தியானம்தானே மாமி

தேவி மாமி: படைச்சுச் சாப்பிட்டு முடிய மூண்டு மணியாகும்

கண்ணன்: கர்நாடகமோ?

சுதா: இல்லையடா, பிரெஞ்சு ஒபேரா, பாட்டாலையே நடத்துற நாடகம். "முத்துக் குளிப்பவர்கள்". இலங்கைக் கதையாம்

ரூபன் மாமா: இலங்கையேதான் பிள்ளை. ஜோர்ஜ் பிஸே இசையமைச்சது. 1863 செப்டெம்பர் 30, இஞ்சை பாரிஸிலை முதல் மேடையேற்றம். அவருக்கு 25 வயசும் நிரம்பேல்லை. முதலிலை மெக்சிகோவிலை நடக்கிற கதையா யோசிச்சு, பிறகு இலங்கைக்கு மாத்தினவை. 18 தரத்தோடை நிண்டுபோச்சு. பத்திரிகைகள் கிழிச்செறிய, இசையமைப்பாளர் பேர்லியோஸ் மட்டும் நல்லா எழுதினார். கதையிலை வாற கூட்டாளியள் நதீரும் சுர்காவும் சேர்ந்து பாடுற அந்த ஒரு பாட்டுக்காகவே போகலாம்.

கண்ணன்: 👍

பெரியப்பா: பாட்டுப் புத்தகம் பாத்தன். "வெள்ளைச் சிவா, பொன்னிறக் கூந்தல் ராணி" எண்டு கிடக்கு. சிவன் ராணியோ?? பிள்ளையை இதைப் பாட விடுறியளோ

சுதா: அது கதாநாயகி லெய்லா பாடுற வரி பெரியப்பா

கண்ணன்: கேதீஸ்வரத்தான் பொறுப்பான் 😂

ரூபன் மாமா: பிஸே எங்கடை பக்கம் வந்ததே இல்லை அத்தான். ஆனா கடலிலை இறங்கிறவைக்குக் காவலா லெய்லா பாறையிலை நிண்டு பாடுவாள். எங்கடை சலாபத்திலை, முத்துக் குளிக்கிற இடத்திலை, சுறா வராமல் மந்திரம் சொல்லக் கடல்கட்டி இருந்தவர்தானே. அதுக்குக் கிட்ட வந்திட்டுது.

தேவி மாமி: கடல்கட்டிக் கதை அப்பு சொல்லுவார்

கண்ணன்: அப்புவின்ரை அரிப்பு ஊர்க் காணி உறுதி இப்ப ஆரிட்டை?

தேவி மாமி: அதை இஞ்சை கதைக்க வேண்டாம்

சுதா: டிக்கெட்!!

ரூபன் மாமா: பிஸேயின்ரை மற்ற ஒபேரா "கார்மென்" முதல் மேடையேறினது 1875 மார்ச் 3. சனம் முகம் சுளிச்சுது. யூன் 3 பூஜிவாலிலை ஆள் செத்துப்போனார். 36 வயசு. அண்டைக்கு அவற்றை கலியாண நாள். ஒக்டோபரிலை வியன்னாவிலை அதே கார்மெனைக் கொண்டாடினாங்கள். அந்தக் கைதட்டைக் கேக்காமல் போயிட்டார் எண்டதை என்னாலை இண்டைக்கும் தாங்கேலாது. இஞ்சை பெர் லஷேஸ் சவக்காலையிலைதான் அடக்கம். ஆரணியை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போகவேணும்.

தேவி மாமி: திவசத்துக்கு மரக்கறி வாங்கினாச்சோ?

ரூபன் மாமா: நாளைக்கு. சுதா, 2 டிக்கெட் எடு, மாமியும் வருவா

தேவி மாமி: வாறன் எண்டு நான் சொல்லேல்லை. அரங்கேற்றத்துக்கு எங்களுக்குக் கடைசியாத்தான் சொன்னவை

சுதா: மாமி 🙏 அதுதான் இந்த முறை முதலே சொல்லுறன்

கண்ணன்: வடை மிஞ்சினா மண்டபத்துக்குக் கொண்டுவாங்கோ

பெரியப்பா: கோரஸ் எத்தினை மணிக்கு?

சுதா: நாலரை இருக்கும். உங்களுக்கும் எடுக்கட்டோ?

பெரியப்பா: பாப்பம்