உதவி தேவை: மின் உறைதலுக்குப் பிறகும் ஆர்ஓ சவ்வு அடைத்துக்கொள்கிறது

ஆலைநீர்: சாயக் கழிவுநீரை மின் உறைதல் தொட்டி (உலோகத் தகடுகளில் மின்சாரம் பாய்ச்சி அழுக்கைத் திரளவைப்பது), மணல் வடிகட்டி வழியாக ஆர்ஓவுக்கு அனுப்புகிறோம். சுத்த நீர் வரத்து நாளுக்கு நாள் குறைகிறது. அமிலத்தால் கழுவினால் தேறுகிறது, மறுபடி விழுகிறது. சவ்வே மட்டமானதா? அவசரம்.

வடிகட்டி: தகடு இரும்பா, அலுமினியமா? பிஎச் எவ்வளவு? அழுத்த வேறுபாடு ஆர்ஓவின் முதல் கட்டத்தில் ஏறுகிறதா, கடைசிக் கட்டத்திலா? இவை தெரியாமல் என்ன சொல்வது?

மின்தகடு: தகட்டில் ஆக்சைடு படிந்திருக்கும். நேர், எதிர் மின்முனைகளை அவ்வப்போது இடம்மாற்றிக் கொடுங்கள்.

மூத்தவர்: இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. முதலில் வெப்பநிலைக்கு ஏற்ப வரத்தைத் திருத்திக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். நீர் ஒரு டிகிரி குளிர்ந்தாலே வரத்து ஏறத்தாழ 3% குறையும்.

வடிகட்டி: அமிலத்தில் கழுவியதும் தேறுகிறது என்கிறாரே ஐயா. படிவு இருக்கிறது.

உப்புக்கணக்கு: சாயநீரில் உப்பு அதிகம். நேர்மின்முனையில் குளோரின் உருவாகிப் பாலிஅமைடு சவ்வை அரித்திருக்கும்.

வடிகட்டி: அரித்திருந்தால் பெரும்பாலும் வரத்து கூடும், உப்பும் சேர்ந்து வரும். இங்கே நேர்மாறு.

மின்தகடு: எப்படியானாலும் அலுமினியத் தகடே மேல்.

மூத்தவர்: பிஎச் 9ஐத் தாண்டினால் அலுமினியம் கரைந்து சவ்வுக்கே போகும். சிலிக்காவோடு சேர்ந்து படிந்தால் லேசில் போகாது. அடிப்படை தெரியாமல் பரிந்துரைக்காதீர்கள்.

மின்தகடு: பிஎச் 6.5 அளவில் ஓட்டினால் ஏன் கரையப்போகிறது?

ஆலைநீர்: இரும்புத் தகடு. பிஎச் 6.2. முதல் கட்டம். வடிகட்டிய நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. மாதிரிப் புட்டியில் வைத்தால் மறுநாள் அடியில் பழுப்பு வண்டல்.

வடிகட்டி: அந்த வண்டல்தான் விடை. தகட்டிலிருந்து கரைவது நீரில் கரைந்தே நிற்கும் ஃபெரஸ் இரும்பு, ஓர் ஆம்பியர்-மணிக்கு ஏறத்தாழ 1 கிராம். பிஎச் 7க்குக் கீழே அது கரையாத ஃபெரிக்காக மாற நேரம் பிடிக்கும். அதற்குள் கரைந்த நிலையிலேயே மணலைக் கடந்துபோய்ச் சவ்வின்மேல் துருவாகப் படிகிறது. பிஎச்சை 8 அளவுக்கு உயர்த்தி, நன்றாகக் காற்றூட்டி, வண்டலைப் படியவிட்டு வடிகட்டுங்கள். ஆர்ஓவுக்குள் விடும் முன் பிஎச்சை மீண்டும் இறக்குங்கள், இல்லையென்றால் சுண்ணாம்பு படியும். எஸ்டிஐ (நீரிலுள்ள நுண்துகள் எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் அளவு) 5க்குக் கீழே, முடிந்தால் 3க்குக் கீழே இருக்கட்டும். கரைந்த இரும்பை எஸ்டிஐ காட்டாது. அதைத் தனியே அளந்தே ஆகவேண்டும்.

மின்தகடு: அலுமினியம் என்றால் இந்தத் துருத் தொல்லையே இல்லை.

மூத்தவர்: மறுபடியுமா? அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஆலைநீர்: காற்றூட்டினோம். வண்டல் நின்றுவிட்டது, வரத்தும் குறையவில்லை. நன்றி.

வடிகட்டி: பிஎச் எத்தனையில் நிறுத்தினீர்கள்? எவ்வளவு நேரம் காற்றூட்டினீர்கள்? எழுதிவையுங்கள், அடுத்து வருபவருக்கு அதுதான் வேண்டும்.