மறு: 'இணைப்பு' என்ற ஒரே சொல் எத்தனை சுமக்கும்? உடன்கோப்பு, பதிகோப்பு – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

> அட்டாச்மெண்ட் = இணைப்பு. எம்பெடட் ரிசோர்ஸ் = உட்பொதிந்த இணைப்பு. இரண்டும் பழகிய சொற்கள். புதிதாக எதற்கு?

பழகிய சொற்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் நிரல்வழி மின்னஞ்சல் எழுதுவதைப் பற்றிய பயிற்சிக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே எனக்கு இப்படி ஒரு வரி வந்து விழுந்தது: "வழங்கியோடு இணைப்பை ஏற்படுத்தி, மடலில் இணைப்பைச் சேர்த்து, அனுப்பியபின் இணைப்பை மூடவும்." முதலாவதும் மூன்றாவதும் மடல் அனுப்பும் வழங்கியோடு (சர்வர்) கொள்ளும் எஸ்எம்டிபி தொடர்பு. நடுவில் இருப்பது ஒரு பிடிஎஃப் கோப்பு. அடுத்த பத்தியில் ஹெச்டிஎம்எல் உடலுக்குள் ஒரு வலைச்சுட்டி வருகிறது. அதையும் நம்மில் பாதிப்பேர் 'இணைப்பு' என்றே எழுதுகிறோம்.

சூழலை வைத்துப் படிப்பவர் புரிந்துகொள்வார் என்று இந்த மூன்றையும் விட்டுவிடலாம். நானும் விட்டிருப்பேன். மடலின் நடுவே தெரிகிற படத்துக்கும் அதே சொல்லை, முன்னால் ஓர் ஒட்டு மட்டும் சேர்த்துப் போடும்போதுதான் சிக்கல். அங்கே சொல் குழம்பினால் நிரலும் குழம்பும்.

இது எனக்கே நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தானியங்கி அறிவிப்பு மடல் ஒன்றை அனுப்ப நிரல் எழுதினேன். மேலே ஒரு சின்னம், நடுவில் செய்தி, கூடவே ஒரு பிடிஎஃப். இரண்டும் 'இணைப்பு'தானே என்று பிடிஎஃபைச் சேர்த்த அதே செயற்கூற்றை (ஃபங்ஷன்) கொண்டு சின்னத்தையும் சேர்த்தேன். ஹெச்டிஎம்எல்லில் படத்தை அதன் அடையாளத்தால் அழைத்திருந்தேன். என் கணினியில் இருந்த மென்பொருள் எப்படியோ தேடிப் பிடித்துச் சரியான இடத்தில் காட்டிவிட்டது. பெற்றவர்களில் சிலருக்கோ சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுச் சட்டம். சின்னம் மடலின் அடியில், பிடிஎஃபுக்குப் பக்கத்தில், தனிக் கோப்பாகக் கிடந்தது. இரண்டு நாள் தேடினேன். நிரலில் ஒரு வரிகூடப் பிழை காட்டவில்லை. நான் அந்தப் படத்தை மனத்துக்குள் எந்தப் பெயரால் வைத்திருந்தேனோ, பிழை அங்கே இருந்தது.

சரியாகக் கட்டிய மடலின் வடிவம் இது. வெளியே 'மிக்ஸ்டு' வகைத் தொகுதி, அதாவது தனித்தனி உறுப்புகளின் வரிசை. அதன் முதல் உறுப்பு 'ஆல்டர்னேட்டிவ்', ஒரே செய்தியின் பல வடிவங்கள். அதற்குள் முதலில் வெறும் உரை, அடுத்து 'ரிலேடட்', ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகள். அந்த ரிலேடடுக்குள் ஹெச்டிஎம்எல்லும், அது பெயர் சொல்லி அழைக்கும் படமும் அருகருகே. இவ்வளவும் முடிந்தபின், வெளித்தொகுதியின் இரண்டாம் உறுப்பாகப் பிடிஎஃப். படமும் பிடிஎஃபும் ஒரே மரத்தில் இருந்தாலும் வெவ்வேறு கிளைகளில் இருக்கின்றன. பைத்தானின் மின்னஞ்சல் நூலகம் இதனால்தான் 'ஆட் ரிலேடட்', 'ஆட் அட்டாச்மெண்ட்' என்று இரண்டு செயற்கூறுகளைத் தருகிறது. டாட்நெட்டில் 'அட்டாச்மெண்ட்' ஒரு வகுப்பு, 'லிங்க்டு ரிசோர்ஸ்' வேறொரு வகுப்பு. பின்னது மாற்று வடிவத்துக்குள் சேருமே தவிர, மடலில் நேராகச் சேராது. நிரலாளர் கையில் இரண்டு கருவிகள் இருக்கும்போது, தமிழில் எழுதும் நாம் ஒரே பெயரைக் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

வரலாறும் இதற்கு இடம் தருகிறது. 1992 ஜூனில் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை) 1341இல் மிக்ஸ்டு, ஆல்டர்னேட்டிவ், பேரலல், டைஜஸ்ட் என்ற நான்கு கூட்டு வகைகள் உண்டு. ரிலேடட் இல்லை. அது பின்னால் வந்தது; இன்று நாம் பார்க்கும் வரையறை 1998 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 2387. உள்ளே இருக்கும் படத்தை அழைக்கும் 'சிஐடி' முகவரிக்கான ஆர்எஃப்சி 2392ம் அதே மாதத்தது. கோப்பை மடலோடு சேர்த்து அனுப்புவது முதலில் வந்த கருத்து. படத்தை உடலுக்குள் வைப்பது பின்னால் வந்த வேறொரு கருத்து. பின்னால் வந்ததற்குப் பழைய சொல்லையே கிளைவிடச் செய்ததுதான் நம் குழப்பத்தின் வேர்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

'உட்பொதி' என்று முன்மொழிந்த ஐயாவுக்கு: வலைப்பக்கத்தில் காணொளியை வைக்கும்போது அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது, நானும் அங்கே அதைத்தான் எழுதுகிறேன். மின்னஞ்சலில் அது தடுக்குகிறது. பொதிவது என்றால் சுற்றி மூடுவது. இந்த மடலமைப்பில் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று பொதிந்ததுதான். பிடிஎஃபும் பொதிந்தே போகிறது. மென்பொருள் பொதி, வலையமைப்புப் பொதி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலையும் அதிகம். 'உட்பொதிந்தது' என்றால் எதற்குள் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

படத்துக்கு நான் கேட்பது 'பதி'. கல் பதித்த மோதிரம் என்கிறோம். கல் தனிப்பொருள்; கழற்றினால் தனியே நிற்கும். ஆனால் மோதிரத்தில் அதற்கென்று வெட்டிய குழி ஒன்று உண்டு. அந்தக் குழி இல்லாமல் பதிக்க முடியாது. ஹெச்டிஎம்எல்லில் படக்குறி அந்தக் குழி. உள்ளடக்க அடையாளம் (கன்டென்ட்-ஐடி) என்பது இந்தக் குழிக்கு இந்தக் கல் என்று சொல்லும் பெயர். எனவே பதிகோப்பு.

பிடிஎஃபுக்கு முதலில் 'இணைகோப்பு' என்று எழுதிப் பார்த்தேன். 'இணை' என்றால் சமாந்தரம், சோடி என்ற பொருள் முந்திக்கொண்டு வருகிறது. பேரலல் என்ற வகைக்கே நாளை யாராவது 'இணைத்தொகுதி' என்று எழுதினால் மறுபடி மோதும். மடலோடு கூடப் போவது, மடலின் உடலில் இடம் கேட்காதது என்பதால் உடன்கோப்பு என்கிறேன். உடன்பிறப்பு, உடன்படிக்கை எல்லாம் நாவுக்குப் பழகியவை. பயனர் பார்க்கும் பொத்தானில் 'இணைப்பு' அப்படியே இருக்கட்டும், அதைப் பிடுங்க வேண்டியதில்லை. நிரலாளருக்கான ஆவணத்தில் மட்டும் உடன்கோப்பு.

> பதிக்கோப்பு என்று ஒற்று மிக வேண்டாமா?

வேண்டாம். இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல. பதித்த கோப்பு, பதிக்கின்ற கோப்பு, பதிக்கும் கோப்பு என மூன்று காலமும் அடங்கும், வல்லினம் மிகாது. 'பதிக்கோப்பு' என்று எழுதினால் 'பதி' பெயர்ச்சொல்லாகி, ஊர் அல்லது தலைவன் என்ற பொருளுக்குப் போய்விடும். இலக்கணம் இங்கே வெறும் ஒழுங்குக்காக இல்லை, பொருளைக் காக்கிறது.

> படம் நினைவகத்திலேயே உருவாகிறது. வட்டில் கோப்பே இல்லை. அதை எப்படிக் கோப்பு என்பது?

இந்தக் கேள்வி என்னை நன்றாக யோசிக்க வைத்தது. வரைபடத்தை நிரலிலேயே வரைந்து பைட்டுகளாக நேராக மடலில் செருகுகிறோம், உண்மைதான். அதற்காக 'வளம்' என்று போனால், ரிசோர்ஸ் என்ற சொல்லை அகராதியில் தேடி ஒட்டியதாகவே நிற்கும். நீர்வளம், நிலவளம் என்று கேட்டுப் பழகிய காதில் ஒரு சின்னப் படம் வளமாகாது. 'கோப்பு' கோத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. கோத்து வைத்தது எதுவோ அது கோப்பு. வட்டில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நாம் பின்னால் சேர்த்தது. பைட்டுகளை வரிசையாகக் கோத்திருந்தால் போதும்.

மல்டிபார்ட் மடலுக்குப் பல்லுறுப்பு மடல் என்றே இருக்கட்டும். கணிதத்தில் பல்லுறுப்புக்கோவை இருக்கிறது என்று சிலர் தயங்கினார்கள். கோவை வேறு, மடல் வேறு, மோதாது. 'பகுதி'யைவிட 'உறுப்பு' எனக்குப் பிடித்ததற்குக் காரணம், மூல வரையறையே இவற்றை உடலின் பாகங்கள் என்றுதான் அழைக்கிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகியவற்றைச் செய்யுளின் உறுப்பு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம்.

தொகுதி வகைகளில் மிக்ஸ்டுக்குக் 'கலவை' என்பதை நான் ஏற்கமாட்டேன். கலந்ததைப் பிரிக்க முடியாது. இங்கே எதுவும் எதோடும் கலப்பதே இல்லை. ஒன்றையொன்று சாராமல், வரிசையில் கிடப்பவை. உதிரிப்பூ என்பதைப் போல உதிரித்தொகுதி என்போம். ரிலேடட், சார்தொகுதி.

ஆல்டர்னேட்டிவ்தான் எனக்கு இந்த வாரம் பெரும் மகிழ்ச்சி தந்தது. 'மாற்று' என்றால் முதலில் உள்ளது அசல், அடுத்தது அதற்குப் பதில் என்று தோன்றும் என அஞ்சினேன். வரையறையோ நேர்மாறு: எளிய வடிவம் முதலில், மிகச் சிறந்தது கடைசியில்; பெறும் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்தவற்றில் கடைசியானதை எடுத்துக்கொள்ளும். வெறும் உரையைக் கடைசியில் வைத்துவிட்டு, ஹெச்டிஎம்எல் ஏன் தெரியவில்லை என்று தேடுபவர்கள் இன்றும் உண்டு. பிறகுதான் பத்தரைமாற்றுத் தங்கம் நினைவுக்கு வந்தது. மாற்று என்றால் பொன்னின் தரமும்தான். மாற்றுத்தொகுதிக்குள் உறுப்புகளை மாற்று ஏறும் வரிசையில் அடுக்கு என்று சொல்லிக்கொடுத்தால் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே சொல்லில் பதிலியும் தரமும் இருக்கின்றன. இதை விட்டுவிட்டு வேறு சொல் தேட எனக்கு மனம் வரவில்லை.

உறுப்புகளுக்கு இடையே பிரிப்பாக வரும் சரமான பவுண்டரிக்கு 'வரப்பு'. 'வரம்பு' ஏற்கெனவே உச்ச அளவு என்ற பொருளில் எங்கும் வருகிறது: வரப்பின் நீள வரம்பு 70 எழுத்துரு என்று எழுத வேண்டியிருக்கும்போது இரண்டையும் பிரித்து வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு தொகுதிக்கும் அதற்கே உரிய வரப்பு. இரண்டு சிறுகோடுகளோடு தொடங்கும். கடைவரப்புக்கு மட்டும் முடிவிலும் இரண்டு சிறுகோடு. அந்தச் சரம் எந்த உறுப்பின் உள்ளேயும் தற்செயலாக வந்துவிடக் கூடாது.

மேலே 'எழுத்துரு' என்று எழுதியதையும் நீங்கள் கேள்வி கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஃபாண்டுக்கும் அதையே சொல்கிறோம். 'எழுத்து' என்றும் எழுத முடியாது. தமிழ் என்ற சொல் நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறிப்புள்ளி (கோட் பாயிண்ட்). யூடிஎஃப்-8இல் 15 பைட். பைட்டுகளைச் சாதாரண எழுத்து, எண், குறிகளாக மாற்றும் பேஸ்64 ஆக்கினால் 20. மடலின் தலைப்பில் பொருள்வரியைத் தமிழில் எழுதினால், குறியேற்றிய ஒவ்வொரு துண்டும் 75ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஆர்எஃப்சி 2047; முன்னும் பின்னும் வரும் குறிகளுக்குப் போகும் 12ஐக் கழித்தால், பேஸ்64 முறையில் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிப்புள்ளிகள்தாம் கொள்ளும். ஒரு குறிப்புள்ளியின் பைட்டுகளை இரண்டு துண்டுகளுக்குப் பிரிக்கவும் கூடாது. "75 எழுத்து" என்று நம் குறிப்பில் ஒருவர் படித்து, 75 தமிழ் எழுத்து என்று எடுத்துக்கொண்டால் நிரல் உடைவது உறுதி. எனவே கேரக்டருக்கு ஒரு சொல் உடனே வேண்டும். 'வரியுரு' என்று முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அப்படியானால் மேலே 70 வரியுரு என்று திருத்திப் படியுங்கள்.

இன்னும் தீராதது ஒன்று: கன்டென்ட்-டிஸ்போசிஷன். 1997 ஆகஸ்டின் ஆர்எஃப்சி 2183 இதில் 'இன்லைன்', 'அட்டாச்மெண்ட்' என இரண்டு மதிப்புகள் தருகிறது. இது ஓர் உறுப்பை எப்படிக் காட்டலாம் என்று பெறும் மென்பொருளுக்குச் சொல்வது. அந்த உறுப்பு மரத்தில் எங்கே நிற்கிறது என்பது வேறு செய்தி. உதிரித்தொகுதியில் கிடக்கும் படத்துக்கும் இன்லைன் என்று போடலாம். அது மடலின் முடிவில் விரிந்து தெரியலாம், ஆனாலும் பதிகோப்பு ஆகாது. ஆகவே இன்லைனுக்குப் 'பதி' சேர்ந்த சொல்லைக் கொடுக்கவே கூடாது. 'காட்டுமுறை: விரித்து / தனித்து' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். 'விரித்து' ஓரளவு நிற்கிறது, 'தனித்து' எனக்கே நிறைவாக இல்லை. 'உள்வரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வரியைப் பற்றி இதில் எதுவும் இல்லை என்பதால் அது வேண்டாம்.

பயிற்சிக் குறிப்பின் மூன்றாம் இயலை உடன்கோப்பு, பதிகோப்பு, உதிரித்தொகுதி, மாற்றுத்தொகுதி, சார்தொகுதி, வரப்பு ஆகிய ஆறோடும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். காட்டுமுறை வரும் இரண்டு பத்திகளை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன். 'தனித்து' என்பதற்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்