ஜீவனாம்சம் கட்டாதவருக்குச் சிறை: பணம் வருமா, பாக்கி ஏறுமா?

தராசுமுள்:
ஜீவனாம்சம் கட்டாதவரைச் சிறையில் போடுவதால் மனைவிக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை என்பது என் வாதம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(3), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144(3). அது சொல்வது இதுதான்: போதிய காரணம் இல்லாமல் கட்டத் தவறினால், அபராதத்தை வசூலிக்கும் முறையில் வாரண்ட் போடலாம். அதை நிறைவேற்றிய பிறகும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை சிறை. நடுவில் கட்டிவிட்டால் வெளியே வரலாம். உள்ளே இருக்கும் மாதம் வருமானம் போகிறது, அடுத்த மாதத் தொகையும் சேர்கிறது. சம்பளத்தைப் பிடிக்க வழி இருக்கும்போது எல்லா மனுவிலும் பிடிவாரண்டையே கேட்பது ஏன்?

வைகைக்கரை:
மாதச் சம்பளக்காரருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். சொந்தமாக லாரி ஓட்டுபவர், தறி போட்டிருப்பவர், கமிஷன் மண்டிக்காரர் இவர்களிடம் எதைப் பிடிப்பீர்கள்? ஜப்தி வாரண்டோடு போனால் பீரோவும் டிவியும் அம்மா பேரில், வண்டி தம்பி பேரில். ஜப்தி செய்ய எதுவும் இல்லை என்று எழுதி வாரண்ட் திரும்பிவிடும். கைது என்றதும் அன்று மாலைக்குள் எங்கிருந்தோ பணம் புரளும். கோர்ட் வாசலில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

உள்ளே போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். சிறை என்பது வசூலுக்கான நெருக்கடி மட்டுமே, கடன் தீரும் வழியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. வெளியே வரும்போது பாக்கி அதே தொகையாக நிற்கும்.

எதிர்மனு:
இங்கேதான் நடைமுறை சட்டத்தைத் தாண்டுகிறது. வரிசை என்ன? முதலில் பிரிவு 461 (பழைய 421) வழியாக வசூல் வாரண்ட். அதில் இரண்டு வகை: அசையும் பொருளை ஜப்தி செய்து விற்பது, அல்லது கலெக்டருக்கு அனுப்பி, நிலவரி பாக்கி போல வீடு, நிலத்திலிருந்து வசூலிப்பது. அதற்குப் பிறகும் நிற்கும் பாக்கிக்குத்தான் சிறை. நோட்டீஸ் சார்வு ஆனதா, அதாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடப் பார்க்காமல் நேராகப் பிணையில் விடமுடியாத வாரண்ட் போட்டால், சீராய்வில் (மேல் நீதிமன்றம் அந்த உத்தரவைப் பரிசீலிக்கும்போது) அடிபடும். அப்படி அடிபட்டால் மனைவிக்குத்தான் மாதக்கணக்கில் நஷ்டம்.

"போதிய காரணம் இல்லாமல்" என்ற சொற்களும் சட்டத்தில் சும்மா கிடக்கவில்லை. ஆலை மூடி வேலை போனவரும் வீம்புக்குக் கட்டாதவரும் ஒன்றா?

வைகைக்கரை:
ஒன்றல்ல. ஆனால் வேலை போனவர் செய்ய வேண்டியது பிரிவு 146-ல் (பழைய 127) மனு போட்டுத் தொகையைக் குறைக்கக் கேட்பது. பணி நீக்க ஆணை, பி.எஃப். கணக்கு, வங்கி அறிக்கை எல்லாம் இணைத்து, வேலை போன மாதமே. இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு வாரண்ட் வந்த பிறகு "முடியவில்லை" என்றால் எந்த நீதிபதி நம்புவார்? உடல் திடமாக உள்ளவர் கூலி வேலை செய்தாவது கட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்க வேண்டாம். சீராய்வு நிலுவையில் இருக்கிறது என்பதும் பதில் ஆகாது. தடை உத்தரவு கையில் இல்லையென்றால் பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒருதலைப்பட்ச உத்தரவு (அவர் ஆஜராகாமலே போட்டது) என்றால் மூன்று மாதத்துக்குள் அதை நீக்கக் கேட்க வேண்டும்.

பதிவேடு:
நீங்கள் மூவரும் சிறையைப் பற்றியே பேசுகிறீர்கள். மனுக்கள் விழுவது வேறு இடத்தில்: தொகை செலுத்த வேண்டியதான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அதற்கு வாரண்ட் கிடையாது.

மாதம் 10,000 ரூபாய் என்ற கணக்கில் பாருங்கள். மனு தாக்கல் மார்ச் 2022, உத்தரவு மார்ச் 2025. உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் மனு தாக்கலான நாளிலிருந்தே. ஆக உத்தரவு நாளிலேயே 36 மாதம், 3,60,000 நிலுவை. அது உத்தரவு நாளில்தான் செலுத்த வேண்டியதாகிறது என்பதால் ஒரு வருடத்துக்குள் முழுவதற்கும் கேட்கலாம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி ஒரு வருடம். "சமரசம் பேசுகிறோம்" என்று இழுத்தடிக்கும் தரப்பு எதிர்பார்ப்பது இந்தக் கெடு தாண்டுவதைத்தான்.

தாண்டினாலும் பணம் போய்விடாது. 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்த நிபந்தனை வாரண்ட், சிறை என்ற வழியை மட்டும் அடைக்கிறது; நிலுவைக்கான உரிமையைத் தொடவில்லை. முதல் மனு காலத்துக்குள் போடப்பட்டு நடந்துகொண்டிருந்தால், பின்னால் சேரும் மாதங்களுக்கான மனுக்களை அதன் தொடர்ச்சியாகவே அந்த வழக்கில் எடுத்துக்கொண்டது. அதனால் முதல் மனுவை "செட்டில் ஆகிவிட்டது" என்று வாய்வார்த்தையை நம்பி முடித்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் ஊர் மாறினாலும் கவலையில்லை. பிரிவு 147 (பழைய 128) படி அவர் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடமே நிறைவேற்றக் கேட்கலாம். ஆள் அவர்தான், பணம் கட்டப்படவில்லை என்ற இரண்டையும் காட்டினால் போதும்.

தராசுமுள்:
பதிவேடு சொன்னது என் பக்கத்துக்கே வலு. இப்போது சம்பளக் கணக்கு. சாதாரணக் கடன் டிக்ரிக்கு (பணம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை) முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பிடிக்க முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60 மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காக்கிறது. 45,000 சம்பளத்தில் கடன்காரருக்குப் பிடிபடுவது ஏறக்குறைய 14,667. மனைவிக்கு 30,000 வரை. இவ்வளவு பலமான கருவியை யாரும் கையில் எடுப்பதில்லை!

மனுவில் அலுவலகப் பெயர் மட்டும் போதாது. சம்பளம் வழங்கும் அலுவலரின் பதவி, முகவரி, ஊழியர் எண் வேண்டும். இல்லாவிட்டால் ஜப்தி உத்தரவு தபால் பிரிவிலேயே கிடக்கும். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு என்றால் இன்னும் எளிது: பிரிவு 20(6) படி வேலை கொடுப்பவரே மனைவிக்கு நேராகக் கட்டும்படி உத்தரவிடலாம்.

சிறைக்கு எதிரான என் முக்கியக் காரணம் இதோ. அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், குற்ற வழக்கோ வேறு எதுவோ, தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். பிறகு அவர் வாங்குவது சம்பளமல்ல, பிழைப்பூதியம் (அந்தக் காலத்தில் பிழைப்புக்குத் தரும் தொகை). அதே பிரிவு 60-ல் பிழைப்பூதியத்துக்கு ஜப்தியிலிருந்து விலக்கு. பிடிவாரண்ட் கேட்டு வாங்கி, பிடிக்கக்கூடிய சம்பளத்தை நீங்களே இல்லாமல் ஆக்குகிறீர்கள்.

வைகைக்கரை:
48 மணி நேர விதி அந்த ஊழியருக்கும் தெரியும், சார். அதனால்தான் 47-வது மணிக்குள் சங்கக் கடனோ நகைக் கடனோ வாங்கிக் கட்டிவிடுகிறார்.

எதிர்மனு:
கட்டுகிறவர்கள் பக்கத்துக் குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் பீஸ் கட்டினேன், மளிகை வாங்கிப் போட்டேன் என்பது உத்தரவுத் தொகையில் தானாகக் கழியாது. கையில் ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால் கொடுத்ததாகவே கணக்கில் வராது. வங்கி வழியாக, எந்த மாதத்துக்கு என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். "என்னோடு வந்து வாழ்ந்தால் காப்பாற்றுகிறேன்" என்ற வாதம் சட்டத்தில் உண்டு. ஆனால் இன்னொரு திருமணம் செய்தவருக்கு அது கைகொடுக்காது, மனைவி மறுக்க அதுவே நியாயமான காரணம். விவாகரத்து வழக்கில் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் எதிர்வாதத்தையே நீக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. 2020 தீர்ப்பு அதைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறது.

பதிவேடு:
தீராத சண்டை ஒன்று பாக்கி: 12 மாத நிலுவைக்கு ஒரே மனு போட்டால் ஒரு மாதம்தான் சிறையா, மாதத்துக்கு ஒன்றாக 12 மாதமா?

எதிர்மனு:
ஒரு மாதம்தான். உச்ச நீதிமன்றம் 1999-ல் சொன்னது: அதற்கு மேல் வேண்டுமென்றால், அந்த மாதம் முடிந்த பிறகு மனைவி மறுபடி மனு போட வேண்டும்.

வைகைக்கரை:
144(3)-ல் உள்ள "ஒவ்வொரு மாதத் தொகைக்கும்" என்ற சொற்களை வைத்துச் சில உயர் நீதிமன்றங்கள் 12 வரை போயிருக்கின்றன. நீங்கள் சொல்லும் 1999 உத்தரவில் இந்தச் சொற்களைப் பற்றி விரிவான அலசல் இல்லை. ஒவ்வொரு மாத நிலுவையையும் அட்டவணையில் தனி வரியாகக் காட்டி மனு போடுங்கள். எந்தக் கணக்கை நீதிபதி ஏற்றாலும் மனு நிற்கும்.

எதிர்மனு:
அட்டவணை சரி. 12 மாதம் போட்டால் நாங்கள் சீராய்வுக்கு வருவோம்.