செவ்வரத்தைக்கு வருவது ரீங்காரச் சிட்டா?

பரந்தன் வளவு:
கனடாவில் இருக்கும் அண்ணா போன கிழமை ஒரு காணொளி அனுப்பினார். சீனித்தண்ணீர்க் குடுவைக்கு முன்னால் ரீங்காரச் சிட்டு ஒன்று அந்தரத்தில் நின்று குடிக்கிறது. குடித்து முடிந்ததும் திரும்பாமலே பின்னுக்குப் பறக்கிறது. எங்கள் கிணற்றடிச் செவ்வரத்தையிலும் வளைந்த நீள அலகுள்ள கருநீலக் குருவி ஒன்று காலையில் அப்படித்தான் நிற்கிறது, ஆனால் கொஞ்ச நேரம்தான். இரண்டும் ஒன்று என்கிறாள் மகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரணைமடுக் கரை:
ஒன்றல்ல, சகோதரி. ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. உங்கள் வளவுக்கு வருவது தேன்சிட்டு. அலகு அவ்வளவு நீளமென்றால் லோட்டன் தேன்சிட்டாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட ஒல்லாந்த ஆளுநர் ஒருவரின் பெயர் அது. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு.

ஆனால் சிறகைப் பாருங்கள். பெரும்பாலான பறவைகள் மெதுவாகப் பறக்கையில் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் உடலைத் தாங்குகின்றன. மேலே எடுக்கும்போது மடக்கிக்கொள்கின்றன. ரீங்காரச் சிட்டு அப்படி மடக்குவதில்லை. தோளிலிருந்தே சிறகைப் புரட்டி, படுத்துக் கிடக்கும் 8 போல முன்னும் பின்னும் வீசுகிறது. சிறகடியில் எழும் காற்றோட்டத்தை 2005இல் அளந்து பார்த்தார்கள். எடையில் முக்கால் பங்கைக் கீழ்வீச்சும் கால் பங்கை மேல்வீச்சும் தாங்குகின்றன. அந்தக் கால் பங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அண்ணாவைக் கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் என்ற வேகத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவுக்கு வரும் செந்தொண்டை இனம் நொடிக்கு ஏறத்தாழ 50 தடவை சிறகடிக்கும். ஓர் அடிக்கு நாலைந்து படங்கள் கிடைக்கும். சிறகு புரள்வது தெரியும். குளிர் தொடங்குமுன் எடுக்கட்டும், பிறகு அவை தெற்கே போய்விடும்.

முறிகண்டி வாசகன்:
பொழுது சாயும் நேரத்தில் பார்த்தால் அந்துப்பூச்சியா என்றும் கவனியுங்கள். எங்கள் நித்தியகல்யாணிக்கு ஒன்று வருகிறது. நின்றபடியே பறந்து, சுருள் நாக்கை நீட்டித் தேன் குடிக்கும். தலையில் உணர்கொம்பு இருந்தால் அது பறவை அல்ல.

பரந்தன் வளவு:
மிக்க நன்றி. இன்று விடியவே மகளும் நானும் கிணற்றுக் கட்டில் காத்திருந்தோம். குருவி காம்பைக் காலால் பற்றிக்கொண்டு, பூவின் அடியை அலகால் துளைத்துத்தான் தேன் எடுத்தது. காற்றில் கொப்பு ஆடியபோது பிடியை விட்டு அந்தரத்தில் நின்றது. மகள் எண்ணத் தொடங்கினாள். மூன்று சொல்வதற்குள் முருங்கைக்குப் போய்விட்டது.