பேரனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ், அப்பாவுக்குக் கை நடுக்கம்: தொடர்பு இருக்குமா?

உப்புவெளி:
அப்பாவுக்கு 66. தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குக் கிட்ட வரேக்கதான் கை ஆடுது, மடியில வைச்சிருந்தா நடுக்கமில்லை. நடையும் தள்ளாட்டம். பார்க்கின்சன் எண்டு 6 மாசமா லெவோடோபா, மாற்றமில்லை. அக்காவின்ர மகனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் (எக்ஸ் நிறமூர்த்தத்தால வாற, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கிற பரம்பரை வருத்தம்). இதைக் கிளினிக்கில சொல்ல வேணுமோ?

நிலாவெளிக்காத்து:
முதல் கதையே அதுதான். எஃப்எம்ஆர்1 மரபணுவில சிஜிஜி எண்ட எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வரும். 45க்குக் கீழ சாதாரணம். 200ஐத் தாண்டினா மரபணு மூடிப்போகும், பேரனுக்கு அது. 55–200 எண்டால் மூடாது, மாறாக அந்த மரபணுவின்ர பிரதியான ஆர்என்ஏ அளவுக்கு மிஞ்சி உண்டாகி நரம்புக் கலங்களைக் கெடுக்கும். பேரனுக்கு ஒரு வருத்தம், தாத்தாவுக்கு வேறொண்டு; வேர் ஒண்டு. தாத்தாமாருக்கு வாற இந்த நடுக்க, தள்ளாட்ட வருத்தத்தின்ர பேர் எஃப்எக்ஸ்டாஸ், 2001இலதான் விவரிக்கப்பட்டது. இந்த 55–200ஐக் காவுற எல்லாருக்கும் வராது. 50 தாண்டின ஆண்களில ஏறத்தாழ 40 வீதத்துக்கு.

சாம்பல்தீவு:
பரிசோதனையில ஒரு பொறி இருக்கு. காசைக் கொட்டி எக்ஸோம் (கனக்க மரபணுக்களை ஒண்டா வாசிக்கிற பரிசோதனை) செய்து "நோர்மல்" எண்டு வந்தா நம்பாதேங்கோ. அது சின்னத் துண்டாத்தான் வாசிக்கும், நீளமாத் திரும்புற எழுத்தை எண்ணாது. "எஃப்எம்ஆர்1 சிஜிஜி எண்ணிக்கை" எண்டே துண்டில எழுதுவியுங்கோ. ஊதா மூடி ஈடிடிஏ குழாயில இரத்தம். வெறுவயிறு தேவையில்லை, உறைய வைக்கக் கூடாது. பேரன்ர ரிப்போட் பிரதியும் கொண்டு போங்கோ.

எம்ஆர்ஐ எடுத்திருந்தா டி2 படத்தில சிறுமூளையின்ர நடுக்காம்பு இரண்டு பக்கமும் வெள்ளையா இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டியும் நோய் இல்லையெண்டாகாது.

உவர்மலை:
சுகப்படுத்த மருந்தில்லை. நடுக்கத்துக்கு புரோப்ரனலோல் (ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது) அல்லது பிரிமிடோன், அது நித்திரை தூக்கும், அதால இரவில சின்ன அளவில தொடங்குவினம். விழுறது திரும்பேக்கயும் இறங்கேக்கயும்தான். கோணேசர் கோயிலுக்குப் போனா இறங்கேக்க ஒராள் முன்னால நிக்க வேணும்.

உப்புவெளி:
நான் மகன். எனக்கும் பாக்க வேணுமோ? லெவோடோபாவை நிப்பாட்டவோ?

உவர்மலை:
அப்பான்ர எக்ஸ் நிறமூர்த்தம் மகனுக்கு வராது; அப்பாவிலதான் இது இருக்கெண்டு உறுதியானா உங்களுக்குத் தேவையில்லை. மகள்மார் எல்லாருக்கும் போகும். தங்கச்சி இருந்தா, கலியாணத்துக்கு முந்தியே சொல்லுங்கோ: காவுற பெண்களில ஐந்தில ஒராளுக்கு 40க்கு முந்தியே சூலகம் களைச்சுப் போகும். லெவோடோபாவைத் திடீரெண்டு நிப்பாட்டாதேங்கோ, டொக்டர் படிப்படியாக் குறைப்பார்.