பேச்சு வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

தேவகோட்டை மருமகள்:
மகனுக்கு ஒன்றேகால் வயது. "அம்மா", "தா" தவிரச் சொல் இல்லை. பிள்ளையார் நோன்பன்று இழை (நோன்புக்கு ஏற்றும் நூல்திரி) எடுத்துக்கொள்ள வந்த ஆச்சி ஒருவர், "இன்னும் வாய் திறக்கவில்லையா?" என்று பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். இன்னும் உறுத்துகிறது. அன்று காலையில்தான், வெள்ளையடிப்பதற்காக ஊஞ்சலைக் கழற்றி இரண்டாங்கட்டு அறையில் வைத்திருந்தோம். உத்தரத்தில் தொங்கிய வெறும் கொக்கியைக் காட்டினான். அந்த அறைக் கதவைக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இதற்கு மேல் என்ன பேச வேண்டும்? 14 மாதத்தில் நிறையச் சுட்டிக்காட்டிய பிள்ளைகளுக்கு நாலரை வயதில் சொல்வளம் கூடுதலாக இருந்ததென்று 2009இல் ரோ, கோல்டின்-மெடோ என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆச்சியிடம் யார் சொல்வது!

புதுவயல் சித்தி:
ஆச்சி கேட்டதில் தவறில்லை, தங்கச்சி. என் அக்காள் மகளையும் "அவள் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்றே தள்ளிப்போட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்தது, திரும்பவேயில்லை. பிறகுதான் காதைப் பார்த்தார்கள். செவித்திறன் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று நம்பிவிடாதீர்கள். குறை பாதியளவு இருந்தால் தட்டுச் சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. 12 மாதத்தில் மழலை இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. செல்போனையும் கையில் கொடுக்காதீர்கள். 2003இல் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஆள் நேரில் பேசியபோது அந்த ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. டிவியில் காட்டியபோது பழகவில்லை.

கானாடுகாத்தான் ஐயா:
சித்தி சொல்வது டிவிக்குப் பொருந்தும். பேத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். எனக்குப் போனை விட்டால் வழியேது? "ஐயா எங்கே?" என்று துண்டால் முகத்தை மூடினேன். அவள் போனைத் திருப்பி அதன் முதுகுப்பக்கம் தேடினாள்! நான் பதிலுக்குப் பதில் பேசுகிறேன், டிவி பேசுமா? இரண்டு வயதுப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், பதிவுசெய்த படத்தில் கற்கவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வே வந்தது. எனக்குப் பொறுக்காதது வேறு. நாங்கள் விளையாடும்போதெல்லாம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து "ஐயா என்று சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்கிறாள். பிள்ளை உடனே போனைக் கீழே வைத்துவிடுகிறது.