புதுப்பிப்பு: மகள் சில்காவில் சேர்ந்துவிட்டாள்

கடற்படை அக்னிவீரராக (4 ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படும் வீரராக) தேர்வான மகளைப் பயிற்சிக்கு எப்படித் தயார்செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையிலுள்ள ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சி மையத்தில் அவள் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாள். நீச்சல் தெரிந்திருந்தால் நல்லது என்று பலரும் வற்புறுத்தியதால், ஆழத்தைக் கண்டு நடுங்கியவள், நீச்சல்குளத்தின் கரைக் கம்பியை விட்டுவிட்டுத் தானாகவே மிதக்கும்வரை விடாமல் பழகினாள். அந்த அறிவுரைக்கு மனமார்ந்த நன்றி. 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீரர் அணியிலேயே பெண்களும் இருந்தார்கள் என்பதை அறிந்த பிறகுதான் என் மாமியாரின் தயக்கம் நீங்கியது. 4 ஆண்டுகளுக்குப் பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே பணியில் தொடர முடியும் என்பதால், மேற்படிப்பைப் பற்றியும் இப்போதே பேசிவைத்திருக்கிறோம். அவள் அழைக்கும்போது வீட்டுக் கவலைகளைச் சொல்லாமல், அவள் பேசுவதை மட்டும் கேட்பதென்று நானும் கணவரும் முடிவுசெய்திருக்கிறோம்.